கேட்டால் சொல்வேன்: வாகனம் நிற்காத இடம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். போர் நடக்கும் நாடொன்றில் யாரோ ஒரு வெளிநாட்டுத் தலைவர் வந்து இறங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். நான் இருபது வருடத்துக்கு மேல் திருகோணமலையில் மொழிபெயர்ப்பாளனாகக் காலம் தள்ளியவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரர் வந்தால் ஆளனுப்பிக் கூப்பிடுவார்கள், அவர்கள் போனதும் மறந்துவிடுவார்கள். அதனால் இந்தக் கேள்விகளில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கிறது. கிரிக்கெட் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுங்கள்.

பெரிய நாட்டுத் தலைவர் ஒருவர் எங்கள் பக்கம் வந்துபோனால் உண்மையில் ஏதும் நடக்குமா?
*(மூதூரிலிருந்து ஒரு கமக்காரர்)*

நடக்கும். முதலில் ரோட்டுப் போடுவார்கள்.

பகிடி இல்லை. சுனாமி அடித்து ஐந்து மாதம் இருக்கும். நகருக்கு வடக்கே ஒரு முகாமுக்கு ஐரோப்பிய அமைச்சர் ஒருவர் வருவதாக இருந்தது. பெயரும் நாடும் வேண்டாம். அந்த முகாமில் எட்டு மலசலகூடங்கள், ஒன்றுக்கும் கதவு இல்லை. யூரியாச் சாக்கை வெட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பெண்கள் விடியமுன் எழும்பிப் போய்வருவார்கள். கதவு கேட்டு அவர்கள் எழுதிய கடிதங்களில் இரண்டை நானே ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அமைச்சர் வருவதற்கு முதல்நாள் பின்னேரம் ஒரு லொறியில் கதவுகள் வந்து இறங்கின. இரவிரவாகப் பூட்டிப் பச்சைப் பெயின்ற் அடித்தார்கள். விடிய பௌசர் வந்து புழுதி எழும்பாமல் தண்ணீர் தெளித்தது. பெயின்ற் காயவில்லை. ஒரு கிழவரின் வேட்டியில் பச்சைக் கோடு இழுபட்டுவிட்டது. அந்த வேட்டியோடுதான் அவர் அமைச்சருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்.

அமைச்சர் இருபத்தைந்து நிமிடம் நின்றார். மலசலகூடப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆனால் அவர் போன பிறகும் கதவுகள் இருந்தன. ஒரு வருகையால் வந்த பலன் என்று நான் கண்ணால் கண்டு சத்தியம் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

பெரிய கணக்குக்கு வாருங்கள். 2013 நவம்பர் 15 அன்று பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரூன் யாழ்ப்பாணம் போனார். கொழும்பில் பொதுநலவாய மாநாடு தொடங்கிய அன்றே விமானம் ஏறிவிட்டார். 1948க்குப் பிறகு வடக்குக்குப் போன முதல் வெளிநாட்டு அரசாங்கத் தலைவர் அவர்தான். பொது நூலகத்தில் முதலமைச்சர் விக்னேஸ்வரனைச் சந்தித்தார். உதயன் பத்திரிகை அலுவலகத்தில் எரிந்த அச்சு இயந்திரத்தைப் பார்த்தார். சுன்னாகத்தில் சபாபதிப்பிள்ளை முகாமுக்கும் போனார். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பிய சனம், அப்போது அங்கே இருபத்து மூன்றாவது வருடம். நூலகத்துக்கு வெளியே காணாமல் போனவர்களின் படங்களைப் பிடித்துக்கொண்டு பெண்கள் கதறியது உலகம் முழுக்க ஒளிபரப்பானது.

மார்ச் மாதத்துக்குள் போர்க்குற்றச்சாட்டுகளை இலங்கை தானாக விசாரிக்காவிட்டால் சர்வதேச விசாரணை கேட்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். 2014 மார்ச்சில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் தீர்மானம் வந்தது, ஐ.நா. விசாரித்தது, 2015 செப்டம்பரில் அறிக்கையும் வந்தது. அடுத்த மாதம் இலங்கையே இணை அனுசரணை கொடுத்து இன்னொரு தீர்மானத்தை ஏற்றுக்கொண்டது. 2020 பெப்ரவரியில் அந்த இணை அனுசரணையிலிருந்து விலகிக்கொண்டது. இதெல்லாம் கமரூன் ஒருவரால் நடந்தது என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பெண்களின் முகங்களை உலகம் பார்த்ததற்கு அவருடைய பயணம்தான் காரணம். அவரோடு கமராக்காரர்கள் போனார்கள், அவ்வளவுதான்.

எங்கள் ஊரிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. 2006 ஜனவரி 2, கடற்கரையில் காந்தி சிலையடியில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். வந்த தூதுவர்கள் எல்லாரும் அதைப் பற்றிக் கேட்டார்கள். ஜெனீவாவிலும் பேசினார்கள். 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் சந்தேகநபர்களான பொலிஸ் விசேட அதிரடிப்படையினர் 13 பேரையும் விடுவித்தது. நடக்குமா என்று கேட்டீர்களே, இதையும் அந்தக் கதவுகளோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.

அமெரிக்க ஜனாதிபதியிடம் அவ்வளவு பெரிய விமானம் இருக்கும்போது, அப்போது ஜனாதிபதியாக இருந்த பைடன் ஏன் உக்ரேனுக்கு ரயிலில் போனார்?
*(கிண்ணியாவிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவி)*

நல்ல கேள்வி மகள். 2022 பெப்ரவரி 24இல் ரஷ்யா படையெடுத்த நாளிலிருந்து உக்ரேனின் வான்பரப்பு பயணிகள் விமானங்களுக்கு மூடியே கிடக்கிறது. அதனால் யார் போனாலும் போலந்து எல்லைவரை பறந்து, பிறகு இரவு ரயிலில் பத்து மணிநேரம் அளவு போக வேண்டும். 2022 மார்ச்சில் போலந்து, செக், ஸ்லோவேனியப் பிரதமர்கள் மூவர் அப்படித்தான் முதலில் போனார்கள். ஜூன் மாதத்தில் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலித் தலைவர்கள் மூவரும் ஒரே ரயிலில் போனார்கள். பைடன் போனது 2023 பெப்ரவரி 20. கூட வந்த செய்தியாளர்கள் இரண்டே பேர், அவர்களுடைய போன்களையும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டார்கள். புறப்படச் சில மணிநேரத்துக்கு முன்னர் அமெரிக்கா ரஷ்யாவுக்கும் தகவல் சொன்னது. எதிரிக்கே சொல்லிவிட்டுப் போவதா என்று கேட்பாய். ஓம், தவறுதலாக ஒன்று வந்து விழுந்தால் பிறகு உலகத்தையே யாரும் பிடிக்க முடியாது, அதற்காகத்தான்.

மோடியும் 2024 ஓகஸ்ட் 23 அன்று அதே வழியாகத்தான் ரயிலில் கீவ் போய், ஏழு மணிநேரம் அளவு இருந்துவிட்டுத் திரும்பினார். உக்ரேன் தனிநாடான பிறகு அங்கே போன முதல் இந்தியப் பிரதமர். இதில் நீ கவனிக்க வேண்டியது அதற்கு முந்தின மாதம் நடந்ததை. ஜூலை 8 அன்று அவர் மொஸ்கோவில் புட்டினைக் கட்டியணைத்தார். அதே நாள் கீவில் சிறுவர் வைத்தியசாலையில் ஏவுகணை விழுந்தது. உக்ரேன் ஜனாதிபதி செலென்ஸ்கி வெளிப்படையாகவே குறைப்பட்டார். ஆறு கிழமை கழித்துக் கீவுக்குப் போனபோது, போரில் இறந்த பிள்ளைகளுக்கான நினைவிடத்தில் செலென்ஸ்கியின் தோளில் கை போட்டபடி மோடி நின்றார். ஒரு கட்டியணைப்பை இன்னொரு கை சரிக்கட்டியது. ராஜதந்திரம் என்று பாடப்புத்தகத்தில் வருவது பெரும்பாலும் இதுதான், பரீட்சையில் இப்படி எழுதாதே.

வருகிற பெரியவர்களுக்கு எங்கள் ஊரில் என்ன சாப்பாடு கொடுப்பார்கள்?
*(நிலாவெளியில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர்)*

இளநீர் கொடுப்பார்கள். அவர் கையில் வாங்கிச் சிரிப்பார், படம் எடுப்பார்கள், பிறகு பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிடுவார். அவர் குடிப்பது கூடவே கொண்டுவந்த போத்தல் தண்ணீர். அந்த இளநீரை நான் பலமுறை குடித்திருக்கிறேன்.

1987இல் ராஜீவ் காந்தி வந்து ஒப்பந்தம் எழுதியதில் திருகோணமலைக்கு என்ன சம்பந்தம்? எண்ணெய்க் குதங்கள் பற்றி எப்போதும் ஏன் கதைக்கிறார்கள்?
*(தம்பலகாமத்திலிருந்து ஓய்வுபெற்ற தபால் அதிபர்)*

ஐயா, நீங்கள் தபால்காரர், அதனால் கடிதத்திலிருந்தே தொடங்குவோம். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவும் எங்கள் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனவும் கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தைத்தான் எல்லாரும் படித்தார்கள். அன்றே இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. எங்கள் ஊர் இருப்பது அந்தக் கடிதங்களில். திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ இந்தியாவின் நலனுக்கு எதிராக எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் கொடுப்பதில்லை என்பது ஒன்று. எண்ணெய்க் குதங்களை, அதாவது எண்ணெய் சேமிக்கும் பெரிய தாங்கிகளை, திருத்தி இயக்குவதை இரு நாடுகளும் கூட்டாகச் செய்வது என்பது இன்னொன்று. வெளிநாட்டு இராணுவ, உளவு ஆட்களைப் பற்றியும் வெளிநாட்டு வானொலி நிலையங்களைப் பற்றியும் கூட அதில் இருக்கிறது. தமிழருக்கு என்ன கிடைக்கும் என்பது ஒப்பந்தத்தில், இந்தியாவுக்கு என்ன வேண்டும் என்பது கடிதத்தில். எந்தத் தலைவர் வந்தாலும் நான் இணைப்புக் கடிதம் எங்கே என்று தேடுவது அந்த நாளிலிருந்து பிடித்த பழக்கம்.

மறுநாள் புறப்படும்போது அணிவகுப்பில் நின்ற கடற்படைச் சிப்பாய் ஒருவர் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து ராஜீவை அடித்ததும் அவர் குனிந்து தப்பியதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஒரு படம்தான் எல்லாருடைய மனதிலும் நின்றுவிட்டது.

குதங்கள் பிரித்தானியர் கட்டியவை. இரண்டாம் உலகப்போருக்கு முன்னர் கிழக்கில் கப்பற்படைக்கு எண்ணெய் வைக்க இடம் தேடியவர்கள், சீனன்குடாவில் 800 ஏக்கருக்கு மேல் காட்டை எடுத்து 101 குதங்கள் கட்டினார்கள். ஒவ்வொன்றும் 12,000 தொன் அளவு கொள்ளும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டதில் ஒரு குதம் எரிந்துபோனது. ஒரு விமானி விமானத்தோடு அதன்மேல் விழுந்தார் என்றும் ஏழு நாள் எரிந்தது என்றும் ஊரில் கதை. என் அம்மம்மா அப்போது கைக்குழந்தையோடு கன்னியாப் பக்கம் ஓடியவ. பகலில் கரும்புகையும் இரவில் சிவப்பு வானமுமாக இருந்தது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தா. பிறகு இன்னொன்றும் அழிந்து, மிச்சம் 99.

காட்டுக்குள் இருக்கும் மேல்பக்கக் குதங்களுக்கு ஒருமுறை வெளிநாட்டு எஞ்சினியர்கள் இரண்டு பேரோடு போனேன். பாலை மரங்களுக்கு இடையில் திடீரென்று ஒரு இரும்புச் சுவர் எழும்பி நிற்கும், கோயில் மதில் போல உயரம். துருப் பிடித்த கருஞ்சிவப்பு. ஏணியில் குரங்குகள். எஞ்சினியர் ஒருவர் பையில் இருந்து சின்னச் சுத்தியலை எடுத்துத் தட்டினார். அந்த ஓசை உள்ளே சுற்றிச் சுற்றி வந்து அடங்க வெகுநேரம் எடுத்தது. அவர் தகட்டில் விரலை வைத்து, எண்பது வருடத் தகடு, இன்னும் நன்றாக இருக்கிறது என்றார். கூட வந்த காவலாளி என்னிடம் மெதுவாகக் கேட்டார், "வாங்கப் போறாங்களோ, பாக்க வந்தாங்களோ?" அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

1987இல் கடிதம் எழுதினார்கள். 2003இல்தான் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் லங்கா ஐ.ஓ.சி. உள்ளே வந்தது. 2022 ஜனவரியில் புது உடன்பாடு: 14 குதங்கள் ஐ.ஓ.சி.க்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு, அதில் கூட்டுத்தாபனத்தின் பங்கு நூற்றுக்கு 51. கடிதத்திலிருந்து இந்த உடன்பாடுவரை கிட்டத்தட்ட 35 வருடம். 2015 மார்ச்சில் மோடி வந்தபோதும் திருகோணமலை எண்ணெய் மையமாகும் என்று அறிவித்தார். 2025 ஏப்ரலில் அவர் திரும்ப வந்தபோது ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்து மூன்று நாட்டு ஒப்பந்தம் ஒன்று கொழும்பில் எழுதினார்கள். சம்பூர்ச் சூரியமின் திட்டத்தையும் கொழும்பிலிருந்தே, திரையில், தொடக்கி வைத்தார்கள். சம்பூர்ச் சனம் 2006இல் எழும்பி ஓடியது, அதே காணியில் நிலக்கரி மின்நிலையம் வருகிறது என்றது, 2016இல் அதைக் கைவிட்டது, எல்லாம் மூதூர் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு தலைவர் திருகோணமலையைப் பற்றிப் பேச திருகோணமலைக்கு வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை இதில் கண்டுகொண்டேன்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அந்த ஒப்பந்தத்தால் வந்த இந்திய அமைதிப்படையின் கடைசிச் சிப்பாய்கள் 1990 மார்ச் 24 அன்று கப்பல் ஏறியது எங்கள் துறைமுகத்தில்தான். ஒப்பந்தத்தால் பிறந்த வடகிழக்கு மாகாண நிர்வாகமும் இந்த நகரத்தில்தான் இருந்தது. 2006 ஒக்டோபரில் உயர்நீதிமன்றம் வடக்கு-கிழக்கு இணைப்புச் செல்லாது என்றதும் அதுவும் போனது. குதங்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

எதிரியின் வீட்டுக்கே போய்ச் சமாதானம் பேசிய தலைவர் யாராவது உண்டா?
*(உப்புவெளியிலிருந்து ஒரு ஆசிரியை)*

எகிப்தின் அன்வர் சதாத். 1977 நவம்பர் 19 இரவு இஸ்ரேலில் இறங்கினார். நான்கு வருடத்துக்கு முன்னர்தான் இரு நாடுகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருந்தன. இந்தப் பயணத்தைப் பொறுக்காமல் அவருடைய வெளிநாட்டு அமைச்சரே பதவியை விட்டார். எனக்குத் தொழில் காரணமாகப் பிடித்த இடம் ஒன்று: அடுத்தநாள் இஸ்ரேல் பாராளுமன்றத்தில் சதாத் அரபியில் பேசினார், இஸ்ரேல் பிரதமர் பெகின் ஹீப்ருவில் பதில் சொன்னார். இருவருக்கும் ஆங்கிலம் தெரியும். தன் மொழியில் பேசுவதென்றால் தன் சனமும் கேட்கட்டும் என்று அர்த்தம். அன்று காதில் கருவியோடு உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பாளர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்கும்.

1979 மார்ச்சில் உடன்படிக்கை வந்தது, இஸ்ரேல் பிடித்து வைத்திருந்த சினாய் 1982இல் ஏறக்குறைய முழுதாக எகிப்துக்குத் திரும்பியது. பலஸ்தீனருக்கு என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள். சதாத்தை 1981 ஒக்டோபர் 6 அன்று அணிவகுப்பு மேடையில் சொந்தப் படையினரே சுட்டார்கள். எங்கள் நாட்டில் இரண்டு பக்கத்திலும் அப்படி ஒருவர் புறப்படவில்லையே என்று சிலவேளை நினைப்பேன். புறப்பட்டிருந்தால் எந்த மேடையில் சுட்டிருப்பார்கள் என்றும் நினைப்பேன்.

இப்படி வருகிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஆபத்து நேர்ந்ததுண்டா?
*(மட்டக்களப்பு வாசகர்)*

உங்கள் ஊரிலேயே நேர்ந்தது, மறந்துவிட்டீர்களா? 2007 பெப்ரவரி 27, வெபர் மைதானத்தில் தூதுவர்களின் ஹெலிகொப்டர் இறங்கும் நேரம் பார்த்துப் புலிகளின் மோட்டார் குண்டுகள் விழுந்தன. அமெரிக்க, இத்தாலித் தூதுவர்களுக்குச் சிறு காயம். யார் வருகிறார்கள் என்று தங்களுக்குச் சொல்லவில்லை என்றார்கள் புலிகள். பைடன் ரஷ்யாவுக்கு முன்கூட்டியே சொன்னதை மேலே எழுதினேன் அல்லவா, இதற்குத்தான்.

ஐயா, என் மகன் 2008இல் காணாமல் போனவர். எந்தத் தலைவர் வந்தாலும் படத்தோடு போய் ரோட்டில் நிற்கிறேன். வாகனம் நிற்பதில்லை. ஒருமுறையாவது நின்றால் நான் என்ன சொல்ல வேண்டும்?
*(சாம்பல்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு தாய்)*

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று நாள் மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். மற்றவற்றுக்கு எழுதிவிட்டு இதைக் கடைசிக்கு விட்டேன்.

மேலே சொன்ன அந்த முகாமில், அமைச்சருக்கு முன்னால் ஒரு அம்மா வந்தா. உங்கள் வயது இருக்கும். கடல் கொண்டுபோன இரண்டு பேரக்குழந்தைகளைப் பற்றியும், அதற்கு முன்னர் ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போன மகனைப் பற்றியும் ஒரே மூச்சில் சொன்னா. எந்த வருடம், எந்தச் சந்தி, அன்று மகன் போட்டிருந்த சேட்டின் நிறம் என்ன, பேத்தியின் காலில் ஒரு செருப்புத்தான் இருந்தது, எல்லாம். ஐந்து நிமிடம் இருக்கும். பக்கத்தில் நின்ற அதிகாரி மணிக்கூட்டைக் காட்டி, சுருக்கு என்றார். நான் அமைச்சரிடம் சொன்னது ஒரே ஒரு வசனம்: இவர் தன் குடும்பத்தை இழந்துவிட்டார். அமைச்சர் தலையை ஆட்டி, கையைப் பிடித்து, விளங்குகிறது என்றார். வாகனம் போன பிறகு அந்த அம்மா என்னிடம் வந்து கேட்டா, "தம்பி, நான் சொன்னது முழுக்கச் சொன்னனீங்களோ?" ஓம் அம்மா என்றேன். மகன் என்ற சொல்லே என் வாயில் வரவில்லை.

அதனால் சொல்கிறேன், வாகனம் நின்றால் எதையும் வாயால் சொல்லாதீர்கள். நடுவில் என்னைப் போல ஒருவன் நிற்பான். ஒரே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மகனின் முழுப்பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் ஒரு வரி. எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், யார் கூட்டிக்கொண்டு போனது என்பது இரண்டாவது வரி. அவர் எங்கே என்று எழுத்தில் பதில் வேண்டும் என்பது மூன்றாவது. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், கண்ணீரை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். தாளைத் தலைவரின் கையில் கொடுக்காதீர்கள், அவர் வாங்கிப் பின்னால் கொடுத்துவிடுவார். அவருக்கு இரண்டடி பின்னால் குறிப்புப் புத்தகத்தோடு ஒருவர் வருவார், பெரும்பாலும் இளம் ஆளாக இருப்பார். அவரிடம் கொடுத்து அவருடைய விலாச அட்டையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதத்தில் அந்த விலாசத்துக்கு அதே தாளைத் திரும்ப அனுப்புங்கள், திகதி போட்டு.

ஆங்கிலத்தில் நான் எழுதித் தருகிறேன். மழை இல்லாத நாட்களில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு காந்தி சிலையடியில் இருப்பேன். கோட்டையடி மான்கள் ரோட்டுக்கு வரும் நேரம், பஸ்ஸில் இருந்து இறங்கும்போது பார்த்து இறங்குங்கள். சேட்டின் நிறம் ஞாபகம் இருந்தால் அதையும் எழுதுவோம். மகனின் படத்தைக் கொப்பி எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒறிஜினலை யாரிடமும் கொடுக்க வேண்டாம், என்னிடமும்தான்.